வரைபடத்தில் ஆறு ஒரு பக்கம், தோட்டத்தில் தண்ணீர் ஒரு பக்கம்: உயரத் தரவிலிருந்து வரைந்த ஓடைகளைச் சரிபார்க்கும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரில் பெய்யும் மழை மேற்கே போகும். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே தெலுக் இந்தான் வரை சமவெளி. நடுவில், பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள், மீன் வளர்ப்புக்கும் கொய்யாத் தோப்புக்கும் அண்டை ஆகிவிட்ட பழைய ஈயக்குட்டைகள் (வெள்ளீயம் தோண்டிய பள்ளங்கள்). தண்ணீர் மேற்கே ஓட, வடக்கு தெற்காக மூன்று மேடுகள் குறுக்கே கிடக்கின்றன: பழைய நெடுஞ்சாலை, 1994-இல் முழுமையடைந்த வடக்கு தெற்கு விரைவுச்சாலை, ரயில் பாதை. ஆற்றை வரையும் மென்பொருளைத் தடுமாற வைக்க இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இலவச உயரத் தரவை (விண்ணிலிருந்து ரேடார் அளந்து, நிலத்தைச் சிறு சதுரக் கட்டங்களாக்கி, கட்டத்துக்கு ஓர் உயரம் தருவது) வைத்து ஓடைப் படம் போட்டுத் தருவது என் வேலை. வரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே ஏழெட்டுதான். அதனால் அறிகுறியை வைத்து எழுதுகிறேன். உங்களிடம் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், அதில் பெற்ற ஓடைக் கோடுகள், ஒப்பிட ஒரு பழைய தோட்டப் படமோ செயற்கைக்கோள் படமோ இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு படலம் செய்து வையுங்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாத குழிகளை மென்பொருள் முதலில் நிரப்பிவிட்டுத்தான் ஓடையை வரைகிறது. குழி நிரப்பிய உயரப் படத்திலிருந்து நிரப்பாத அசல் படத்தைக் கழியுங்கள். எங்கே எத்தனை மீட்டர் நிரம்பியது என்று அது காட்டும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு விடை அதில் இருக்கிறது. இதைச் செய்யாமல் என்னிடம் படம் கொண்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அறிகுறி 1: எல்லாக் கோடுகளும் ஒரே திசையில், ஒரே தொலைவுக்குத் தள்ளி நிற்கின்றன

இதில் மிகச் சுலபமானது இதுதான். மிக அதிகமாகப் பயமுறுத்துவதும் இதுதான். நான்கு சாலைச் சந்திப்புகளை இரண்டு படங்களிலும் குறித்து, இடைவெளியை அளந்து பாருங்கள்.

நான்கிலும் நூறு மீட்டருக்கு மேல், ஒரே பக்கமாக விலகினால்: பழைய தோட்டப் படம் கெர்தாவ் என்ற பழைய ஆயத்தளத்தில் (இடங்களின் ஆயங்களைக் கணக்கிடும் அடிப்படையில்) இருக்கிறது, உங்கள் உயரத் தரவு உலகப் பொது ஆயத்தளத்தில் இருக்கிறது. படத்தின் ஆயத்தளத்தைச் சரியாக அறிவித்து, பிறகு மென்பொருளின் ஆய முறைப் பட்டியலில் 3375 என்ற எண்ணுள்ள ஜிடிஎம்2000 தீபகற்ப ஆர்எஸ்ஓ முறைக்கு மாற்றுங்கள். ஒரு பொறி உண்டு. கெர்தாவ் ஆர்எஸ்ஓ முறைக்கு மீட்டரில் ஒரு பதிவு, செயினில் ஒரு பதிவு என்று பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும். வெள்ளைக்காரத் துரை காலத்துத் தோட்டப் படங்கள் செயின் கணக்கில் வரையப்பட்டவை. ஒரு செயின் 20.1168 மீட்டர். மாற்றி எடுத்தால் படம் இருபது மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ போய் எங்கோ கடலில் விழும்.

விலகல் சுமார் 15 மீட்டர் மட்டும் என்றால்: கட்டத்தின் மூலையை நடுவாக எடுத்துக்கொண்ட அரைக்கட்டப் பிழை. தரவை மறுபடி இறக்குங்கள்.

நான்கு சந்திப்பும் நான்கு திசையில் விலகினால்: பழைய படத்தை ஸ்கேன் செய்தபோது தாள் சுருங்கியிருக்கிறது, அல்லது கட்டுப்பாட்டுப் புள்ளிகள் தவறு. புள்ளிகளைக் கூட்டி மறுபடி பொருத்துங்கள். தோட்ட எல்லையும் இதில் சம்பந்தப்பட்டிருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். எல்லைக்கல் விஷயத்தில் உங்கள் கணினியின் சொல் எடுபடாது.

அறிகுறி 2: ஓடை சாலைக்கு வந்ததும் திரும்பி, சாலை ஓரமாகவே நெடுந்தூரம் ஓடிப் பிறகு எங்கோ கடக்கிறது

இந்த ஊரில் நான் சந்திக்கும் பிழைகளில் இதுவே அதிகம். சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் இருப்பது மேலிருந்து பார்க்கும் ரேடாருக்குத் தெரியாது. அது பார்ப்பது ஒரு சுவரை. நிரப்பும் நிரல் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு குளத்தை உண்டாக்கி, குளம் வழியும் மிகத் தாழ்ந்த இடத்தில் கோட்டை வெளியேற்றுகிறது.

முதலில் நிரப்பு வேறுபாட்டுப் படலத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் சாலையைப் போல நேராக, மறு பக்கம் பள்ளத்தாக்கைப் போல் கூராகப் போகும் முக்கோண நிரப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம்: குழாய்ப் பாலம். ஊர் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிறிய வட்டங்கள் என்றால் அது தரவின் இரைச்சல், விட்டுவிடுங்கள். பெரிய, ஒழுங்கற்ற திட்டு என்றால் அறிகுறி 5-க்குப் போங்கள்.

அடுத்தது காலால் செய்யும் வேலை. முக்கோணத்தின் கூருக்கு எதிர்ப்பக்கம் எங்கே சாலையைத் தொடுகிறதோ அங்கே போய் நில்லுங்கள். ஒரு முறை, ஒரே ஓடை சாலையை மூன்று இடத்தில் கடப்பதாக என் படம் காட்டியது. மூன்று இடத்திலும் பாலம் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், முன்னாள் தண்டல் (தொழிலாளர் மேற்பார்வையாளர்), கேட்டார்: “தம்பி, தண்ணீரைத் தேடுகிறீர்களா? அது ரோட்டைத் தாண்டாது, அடியில் போகிறது. பழைய லயத்துக்குப் பின்னால் பாருங்கள்.” லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, இடிந்து முப்பது ஆண்டு ஆகியிருக்கும். ஆனால் குழாய் அங்கேதான் இருந்தது, பெரணிக்குள் மறைந்து. அன்றிலிருந்து, எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) பேசுவதற்கு முன் பழைய ஆட்களிடம் பேசிவிடுகிறேன்.

திருத்தம்: முழு ஆற்றையும் செதுக்க (உயரத் தரவில் ஆற்றுத் தடத்தைத் தாழ்த்த) வேண்டாம். குழாய்ப் பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு குட்டிக் கோடு வரைந்து, அந்தக் கட்டங்களின் உயரத்தை மட்டும் இறக்குங்கள். பாலங்கள் அதிகம் என்றால் வொயிட்பாக்ஸ் கருவித் தொகுப்பில் உள்ள, நிரப்பாமல் வெட்டித் திறக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். ஆனால் தேடும் தூரத்துக்கு ஓர் உச்ச வரம்பு கொடுங்கள். இல்லையென்றால் அது மலையையே குடைந்து வழி கண்டுபிடிக்கும். கிராஸ் மென்பொருளின் ஆர்.வாட்டர்ஷெட் என்ற கருவி நிரப்பாமலே குறைந்த செலவுள்ள பாதையைத் தேடுவதால் இந்த வகை இடங்களில் அதன் கோடு நன்றாகவே வருகிறது. ஆனாலும் போய்ப் பாருங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: குழாயின் அளவு போதுமா, வெள்ளம் ஏறுமா என்ற கேள்வி எழுந்தவுடன். அது வரைபட வேலை அல்ல. ஒரு நீர்ப் பொறியாளரும், சாலையும் ஆறும் யாருடையதோ அந்தத் துறையும் பார்க்க வேண்டியது. விரைவுச்சாலை, ரயில் பாதை இவற்றின் கரைகளில் நீங்களாக இறங்க வேண்டாம்.

அறிகுறி 3: சமவெளியில் இரயில் தண்டவாளம் போல இணைகோடுகள்

சீப்பால் சீவியதுபோல் பத்து, பன்னிரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்.

செலவில்லாத சோதனை: கட்டங்களின் மதிப்புகளைப் பாருங்கள். முழு எண்களாக மட்டும் இருக்கின்றனவா? 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாளில் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு முழு மீட்டரில் சேமிக்கப்பட்டது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் நிலத்தில், 30 மீட்டர்க் கட்டமாக எண்ணினால் முப்பத்து மூன்று கட்டம் ஒரே எண்ணாக இருக்கும். எட்டுத் திசையிலும் தாழ்ந்த அண்டை இல்லாதபோது நிரல் என்ன செய்யும்? ஏதோ ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். பத்தின்ம மதிப்புள்ள, ஐரோப்பாவின் கோபர்நிக்கஸ் 30 மீட்டர்த் தரவுக்கு மாறுங்கள். பாதி நோய் அங்கேயே தீரும்.

மாறியும் தீரவில்லையென்றால்: நீங்கள் தேடுவது ஆறே அல்ல. சமவெளித் தோட்டங்களில் தண்ணீர் போவது வெட்டிய பாரிட்டுகளில் (வடிகால்களில்). நிரைகளுக்கு நடுவே சிறு கால்வாய், அது சேரும் பெரிய கால்வாய், கடைசியில் பிரதான பாரிட். இரண்டு மூன்று மீட்டர் அகலக் கால்வாயை 30 மீட்டர்க் கட்டத்தில் தேடுவது வலையில் தண்ணீர் மொள்ளும் வேலை. தோட்ட அலுவலகத்தில் வடிகால் படம் இருக்கும். அதை எண்ணிமமாக்கிக் கையால் வரைந்துவிடுங்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் ‘கணிக்கப்பட்டது அல்ல, வரையப்பட்டது’ என்று பண்பு அட்டவணையில் எழுதுங்கள்.

12.5 மீட்டர் என்று பெயர் போட்டு ஒரு தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஜப்பானிய ரேடார் செயற்கைக்கோளின் ஆலோஸ் பால்சார் தொகுப்போடு வருவது. கட்டம் சிறிது, எனவே துல்லியம் அதிகம் என்று நினைத்து அதை வைத்து மூன்று வாரம் உழைத்த நண்பர் எனக்கு உண்டு. இந்த வட்டாரத்தில் அது பழைய எஸ்ஆர்டிஎம் தரவை நறுக்கிப் பொடியாக்கியதுதான். கட்டம் சிறிதாவதால் மலை புதிதாக வளராது.

அறிகுறி 4: ஓடை இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், அதற்கு இணையாகக் கோடு ஓடுகிறது

விலகல் ஓடைக்கு ஓடை மாறுகிறது. ஆனால் எப்போதும் ஒன்று அல்லது இரண்டு கட்டம். ஆயத்தளப் பிழை இல்லை என்று அறிகுறி 1-இல் உறுதி செய்துவிட்டீர்கள். அப்படியென்றால் குற்றவாளி மரம்.

ரேடார் தரையைப் பார்ப்பதில்லை. எஸ்ஆர்டிஎம் அலை இலைகளுக்குள் ஓரளவு புகுந்து நடுவே எங்கோ நின்றுவிடுகிறது. கோபர்நிக்கஸ் தரவின் குறுகிய அலை கிட்டத்தட்ட உச்சியிலேயே திரும்புகிறது. இப்போது தோட்டத்தை மனக்கண்ணில் பாருங்கள். மறுநடவு செய்த இளஞ்செம்பனை இடுப்பளவு. ஆற்றோரக் காப்புப் பட்டையில் வெட்டாமல் விட்ட காட்டு மரங்கள் இருபது மீட்டர். தரவில் ஆறு பள்ளமாக இல்லை. முதுகெலும்பு போல எழும்பி நிற்கிறது! தண்ணீர் அதன் மேல் ஏற முடியாமல், பட்டையின் ஓரமாக ஓடுகிறது. ஆற்றைக் காப்பாற்றிய மரமே ஆற்றை வரைபடத்திலிருந்து தள்ளிவிடுகிறது. இது எனக்குப் புரிய ஓர் ஆண்டு பிடித்தது.

சோதனை: ஆற்றுக்குக் குறுக்கே ஒரு வெட்டுத்தோற்றம் வரையுங்கள். நடுவில் பள்ளத்துக்குப் பதிலாகத் திடுதிப்பென்று ஒரு மேடு, இரு பக்கமும் செங்குத்து விளிம்பு என்றால் அது மரம். மண் அப்படிச் செங்குத்தாக நிற்பதில்லை. இன்னொரு அடையாளம்: நடவுப் பிரிவின் எல்லையைப் போலக் கோடு திடீரென்று செங்கோணத்தில் திரும்பும்.

அதன் பிறகு ஆண்டைப் பொருத்துங்கள். கோபர்நிக்கஸ் தரவுக்கான அளவீடு 2011 முதல் 2015 வரை எடுக்கப்பட்டது. செம்பனையை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பிரிவில் முதிர்ந்த மரமா, வெறும் நிலமா என்று தோட்டத்தின் நடவு ஆண்டுப் பட்டியல் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

மாற்று வழிகள், செலவு ஏறும் வரிசையில்: கோபர்நிக்கஸ் தரவிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கழித்துப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2022-இல் வெளியிட்ட ஃபேப்டெம் தரவை முயன்று பாருங்கள். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கே அதன் உரிமம் என்பதை மறக்காதீர்கள். தோட்ட நிறுவனத்துக்குக் கட்டணம் வாங்கிச் செய்யும் வேலைக்கு அது பொருந்தாது. அடுத்தது, அந்த ஆற்றுத் துண்டை மட்டும் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து, தாழ்த்திச் செதுக்குவது. கடைசியாக, லேசர் ஒளியால் அளக்கும் லைடார். ட்ரோன் ஒளிப்படம் இந்த நோய்க்கு மருந்தல்ல. அதுவும் மர உச்சியைத்தான் அளக்கும். அடர்ந்த செம்பனைக்கு லைடார் மட்டுமே தரையைத் தொடும். அதற்கான செலவும் பறக்க வேண்டிய அனுமதியும் தனியாள் சுமக்கக்கூடியவை அல்ல. பத்து ஹெக்டேருக்காக அதைக் கேட்காதீர்கள். முழுத் தோட்டத்துக்கும் மறுநடவு வடிகால் திட்டம் போடும்போது கேளுங்கள்.

அறிகுறி 5: கோடு ஈயக்குட்டைக்குள் போய் மாயமாகிறது, அல்லது குட்டையின் மேல் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் போகிறது

குட்டையைச் சுற்றி மணல் மேடு இருக்கும். பல குட்டைகளுக்கு மேற்பரப்பில் வெளிவழி கிடையாது. சில இடங்களில் பக்கத்துக் குட்டைக்கு ஒரு குழாயோ வெட்டோ இருக்கும். சில குட்டைகள் தூர்க்கப்பட்டு வீட்டுமனையாகிவிட்டன. எனவே 2000-இல் இருந்த தண்ணீர் இன்று இல்லாமலும் போகலாம்.

முதலில் இன்றைய படத்தில் குட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கரையைச் சுற்றி நடந்து வழி தேடுங்கள். வழி இருந்தால் அதை மட்டும் செதுக்குங்கள். வழி இல்லையென்றால் அந்தக் குழியை நிரப்பாமல், அசல் வடிகால் முடிவாக அறிவித்துவிடுங்கள். பெரும்பாலோர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள்; ஆறு கடலை அடைந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம். பழைய குட்டைக் கரைகள் சரியும். மழைக்காலத்தில் தனியாகப் போக வேண்டாம். கரை உறுதியா என்ற கேள்விக்கு மண்ணியல் பொறியாளர்தான் விடை சொல்ல வேண்டும்.

அறிகுறி 6: மலையடிவாரத்தில் ஓடைகள் மிகுதி, அல்லது மிகக் குறைவு

இது வரம்பெண்ணின் சிக்கல், அவ்வளவுதான். 30 மீட்டர்க் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர். 500 கட்டம் என்று வரம்பு வைத்தால் 0.45 சதுர கிலோமீட்டர் நிலம் சேர்ந்த பிறகே ஓடை தொடங்கும். கருவி தரும் இயல்பு எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள்தான் இங்கே அதிகம். மலையோரம் ஏறி, நீர் உண்மையில் தடம் போட்டு ஓடத் தொடங்கும் ஐந்தாறு இடங்களைக் குறித்து வாருங்கள். அந்த இடங்களில் சேர்ந்திருக்கும் கட்ட எண்ணிக்கையே உங்கள் வரம்பு. மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று என இரண்டு வரம்பு வைத்தாலும் தவறில்லை. மேலே இருண்டால் ஓடைக்குள் நிற்காதீர்கள். கீழே வெயில் அடிக்கும்போதே கெபாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாயும் வெள்ளம், இறங்கிவிடும்.

அறிகுறி 7: மதிப்பெண் பிரமாதம், ஆனால் தோட்டத்தில் யாரும் படத்தை நம்பவில்லை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

என் முதல் பெரிய வேலையில் பழைய நிலப்படத்து ஆற்றை உயரத் தரவில் ஆழமாகச் செதுக்கினேன். வந்த கோட்டை அதே நிலப்படத்தோடு ஒப்பிட்டேன். ஏறத்தாழ முழுப் பொருத்தம்! அறிக்கையை வாங்கிய மேலாளர், இளைஞர், ஒரே கேள்வி கேட்டார்: “அண்ணா, கேள்வித்தாளும் விடைத்தாளும் ஒரே தாளா?” முகம் சிவந்தது. செதுக்கியதற்குப் பயன்படுத்திய ஆற்றைக் கொண்டு சோதிக்கக் கூடாது. சோதனைக்கு என்று சில ஓடைகளை ஆரம்பத்திலேயே ஒதுக்கி, பூட்டி வையுங்கள்.

அது இல்லையென்றால் அடுத்த சந்தேகம் தாங்கல் பட்டை. உண்மை ஆற்றைச் சுற்றி ஒரு பட்டை போட்டு, உங்கள் கோட்டில் எத்தனை பங்கு உள்ளே விழுகிறது என்று பார்க்கும் முறை நல்ல முறைதான். ஒரு பட்டையோடு நிறுத்தாமல் 30, 60, 90 மீட்டர் என மூன்றும் போடுங்கள். இரு பக்கமும் செய்யுங்கள்: உங்கள் கோட்டில் எவ்வளவு பொய், உண்மை ஆற்றில் எவ்வளவு விடுபட்டது. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால், ஒரே ஒரு சரியான ஓடையை வரைந்தவன் முழு மதிப்பெண் வாங்கிவிடுவான்.

பிறகு ஒரு குறும்புச் சோதனை. உங்கள் ஓடை வலையை முழுதாக 300 மீட்டர் கிழக்கே நகர்த்தி, அதே மதிப்பெண்ணை மறுபடி கணக்கிடுங்கள். பெரிதாகக் குறையவில்லையா? அப்படியென்றால் அந்த மதிப்பெண் எதையும் சொல்லவில்லை. பாரிட் நெருங்கிய தோட்டங்களில் எந்தக் கோட்டை எங்கே போட்டாலும் ஏதாவது ஒரு கால்வாய்க்கு அருகில்தான் விழும்.

மொத்த நீளம் ஒத்துப்போகிறது என்பதையும் சான்றாகக் காட்டாதீர்கள். எட்டுத் திசையில் மட்டுமே நகரும் கோடு படிக்கட்டாக ஏறி இறங்கும். சாய்ந்த திசையில் 8 விழுக்காடு வரை நீளம் கூடும். மறு பக்கம் 30 மீட்டருக்குள் அடங்கும் வளைவுகளை அது நேராக அறுத்துவிடும். இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்துச் சரியான எண்ணைத் தந்துவிடலாம். நீளத்துக்குப் பதில் நீர்ப்பிடிப்புப் பரப்பை ஒப்பிடுங்கள். ஒரு குழாய்ப் பாலம் தவறினால் ஒரு முழுப் பள்ளத்தாக்கு அடுத்த ஆற்றோடு போய்ச் சேரும். அதைப் பரப்பு உடனே காட்டிக்கொடுக்கும்.

ஒப்பீட்டுப் படத்தையும் சந்தேகியுங்கள். ஆறு இடம் மாறியிருக்கலாம், நேராக்கப்பட்டிருக்கலாம். ஓடை பாதையைக் கடக்கும் முப்பது இடங்களைத் தேர்ந்தெடுத்து ஜிபிஎஸ்ஸோடு போய்ப் பாருங்கள். செம்பனை நிழலில் கைப்பேசி ஜிபிஎஸ் பத்து மீட்டர் தடுமாறினாலும் 30 மீட்டர்க் கட்டத்துக்கு அது போதும். தேர்வைக் குலுக்கல் முறையில் செய்யுங்கள். மோட்டார் சைக்கிள் போகும் பாதையோரம் மட்டும் பார்த்துவிட்டு வருவது எல்லாருக்கும் உள்ள வழக்கம், எனக்கும் உண்டு.

அறிகுறி 8: தரையில் போய்ப் பார்த்தால் ஆறே காணோம்

பீடோரில் இது அபூர்வம். வடக்கே கம்பார், கோப்பெங் பக்கம் சுண்ணாம்புக்கல் குன்றுகள் உள்ள இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இது நேரும். குவா தெம்புருங்கில் ஆறு குகைக்குள் புகுந்து மலையை ஊடுருவி மறு பக்கம் வருகிறது. உயரத் தரவு அந்த மலையைச் சுற்றித்தான் கோடு வரையும். அதை எந்த நிரலாலும் திருத்த முடியாது. புகும் வாயையும் வெளிவரும் வாயையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் எங்கே போகிறது என்பதைக் குகை அளந்தவர்களிடமோ நிலவியலாளரிடமோ கேட்க வேண்டும். நான் அந்த இடத்தில் கோட்டை அறுத்து, இரண்டு வாயையும் புள்ளிக்கோட்டால் இணைத்து, ‘நிலத்தடி’ என்று எழுதிவிடுகிறேன்.